கலருக்கு வரி

மேல்விஷாரம், மெயின் ரோட்டில்
வேப்பமரத்தை வெட்டிய இடத்தில் என் கடை.
அடிக்கட்டை இன்னும் இருக்கிறது, யாராவது உட்காருவார்கள்.
ஃபிரிட்ஜ் கம்பெனி கொடுத்தது.
உள்ளே ராத்திரியெல்லாம் விளக்கு எரியும்.
என் வீட்டில் அவ்வளவு வெளிச்சம் கிடையாது.

ஒருநாள் கீழ்த்தட்டில் மோர் பாக்கெட் வைத்தேன்.
சரக்கு வண்டியில் வந்த பையன் குனிந்து பார்த்து
"இது நம்ம ஃபிரிட்ஜுக்கா" என்றான்.
மரியாதையாகத்தான் சொன்னான்.
எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி
பத்து ரூபாய்க் கலர் பதிமூன்று ஆனது.
விளையாடுகிறேன் என்றே நினைத்தார்கள்.
"சர்க்கரைக்கு வரியாம் பாய்."
"சர்க்கரைக்கா? எனக்கு எட்டு வருஷமா கீதே,
நானும் கட்டணுமா?"
டேனரி ஜக்கரியா பாய் கேட்டதும் சிரித்தோம்.
அவர் இடது செருப்பில் மூன்று விரல்தான்.

அன்றும் ஒன்று வாங்கிக் குடித்தார்.
உப்புத்தோலை உதறி உதறி
மூச்சிலேயே உப்பு ஏறிய மனிதர்.
அவர் தெருக் குழாயில் வருவதும் உப்பு.
கேன் தண்ணீர் முப்பத்தைந்து.
தொண்டை நனைய இனிப்புதான் மலிவு
என்று நான் சொன்னால்
கடைக்காரி வேறென்ன சொல்வாள் என்பீர்கள்.
சரி. பாலாற்றங்கரையில் ஒரு போர் போட்டு
ஒரு சொம்பு குடித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஆனாலும்
மூன்று ரூபாய் வேலை செய்தது. பொய் சொல்லக் கூடாது.
பத்து ரூபாய் நாணயம் ஒற்றைக் காசு,
பள்ளியிலிருந்து உள்ளங்கையில் வியர்த்தே வரும்.
மேலே மூன்று என்றதும்
கை தானாக மூடிக்கொள்கிறது.
"எழுதிக்கோக்கா" என்றாள் தமீனா.
எழுதினேன்.
தமீனா மூன்று. கோகுலவாசன் மூன்று.
பஞ்சர் கடை சின்னவன் மூன்று, மறுபடி மூன்று.
சர்க்கார் போட்டது ஒரே வரி.
நோட்டில் பதினேழு வரி ஆகிவிட்டது.
பதினெட்டாவதை நான் எழுதவில்லை.
அதன்பிறகு பிள்ளைகள் வருவது குறைந்தது.

குறைந்ததா, நல்லது.
அடுக்கில் நிற்கிற பாட்டிலை என்ன செய்வது?
தேதி முடிந்தால் கம்பெனி திரும்ப எடுக்காது.
காசு கொடுத்து வாங்கிய சரக்கு.
தட்டில் ஒரு பருக்கை விட்டால் அடி விழுந்த வீட்டில் வளர்ந்தவள்.
கடை சாத்தும்போது ஒன்று குடித்தேன்.
மறுநாள் இரண்டு.
டிவியில் வேலூர் நூற்றி ஒன்பது டிகிரி என்ற அன்று
எத்தனை என்று எண்ணவில்லை.

வீடு வீடாக வரும் நர்ஸ் எஸ்தர் விரலில் குத்தினாள்.
மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி குத்தினாள்.
"முந்நூத்திப் பன்னெண்டு.
இனிப்பு ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"
"இல்லம்மா" என்றேன்.
"வீணாக்கறதில்ல, அவ்வளவுதான்."

அன்று இரவு மிச்சம் ஆறு பாட்டிலைத்
திறந்து திறந்து அடிக்கட்டையில் ஊற்றினேன்.
நுரைத்து, சீறி, அடங்கியது.
எழுபத்தெட்டு ரூபாய்.
காலையில் எறும்பு ரோடு வரை வரிசை கட்டி நின்றது.
ஜக்கரியா பாய் உட்கார இடமில்லாமல்
நின்றுகொண்டே கேட்டார்:
"யாருக்கு வந்துச்சு, மரத்துக்கா?"

நாலு மணிக்கு தமீனா வந்தாள்.
நோட்டைக் கேட்கவில்லை.
நாணயத்தைக் கண்ணாடி மேல் வைத்து
விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டு
"பத்து ரூபாய்க்குக் குடிக்க
இன்னாக்கா கீது?" என்றாள்.

ஃபிரிட்ஜைப் பார்த்தேன்.
உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.